வாசகரின் கேள்வியிலிருந்து தொடங்குவோம்: நூலகப் பணியாளர்கள் இணையக் கருவிகளைக் கற்கும் முறை

இணையக் கருவிகளைப் பணியாளர்களுக்குக் கற்றுத்தர விரும்பும் நூலகங்கள் பெரும்பாலும் ஒரு நாள் பயிற்சி வைத்து, பத்துப் பதினைந்து தளங்களைத் திரையில் காட்டி முடித்துவிடுகின்றன. அடுத்த வாரம் வாசகர் ஒருவர் மேசைக்கு வந்து நிற்கும்போது எதை எங்கே தேடுவது என்பது நினைவுக்கு வருவதில்லை. வாசகர் உண்மையில் கேட்ட கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்கு விடை தேடும் போக்கிலேயே கருவியையும் பழகினால் கற்றது மறக்காது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதல் வேலை, ஒரு கேள்விக் குறிப்பேடு தொடங்குவதுதான். இரண்டு மூன்று வாரங்களுக்கு, இரவல் மேசையிலும் பார்வை நூல் பகுதியிலும் கணினிப் பகுதியிலும் வாசகர்கள் கேட்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். கேட்டவரின் பெயரோ தொலைபேசி எண்ணோ அதில் இடம்பெறவே கூடாது. விடை கொடுத்த கேள்விகளைவிட, ‘இங்கே கிடைக்காது’ என்று சொல்லி அனுப்பிய கேள்விகளே பயிற்சிக்கு அதிகம் பயன்படும். அவற்றைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நேரம். அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் 2006-இல் ஹெலீன் புளோவர்ஸ் தொடங்கிய பயிற்சித் திட்டம் 23 சிறு பணிகளைக் கொண்டிருந்தது. பணியாளர்கள் அவற்றைத் தங்கள் வேகத்தில் தாங்களே செய்து பார்த்துக் கற்றார்கள். பின்னர் பல நாடுகளின் நூலகங்கள் இந்த முறையைப் பின்பற்றின. அன்றைய கருவிகளில் பல இன்று வழக்கொழிந்துவிட்டாலும், சிறு சிறு பகுதிகளாக, கைப்பழக்கத்தின் வழியே கற்பது என்ற அதன் அடிப்படை இன்றும் பொருந்தும். வாரம் ஒரு முறை அரை மணி நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்குங்கள். இருவர் இருவராக உட்காருங்கள். கற்றுக்கொள்பவர் கையில்தான் மவுஸ் இருக்க வேண்டும், தெரிந்தவர் வாயால் மட்டுமே வழிகாட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு கட்டுரையின் தலைப்போடு வருகிறார். பதிப்பாளரின் தளம் பணம் கேட்கிறது. முதலில் அந்தக் கட்டுரையின் டிஓஐ எண்ணைக் கண்டுபிடியுங்கள். 10 என்று தொடங்கி நடுவில் சாய்கோடு வரும் அந்த எண்தான் கட்டுரையின் நிலையான அடையாளம். அன்பேவால் என்னும் இலவச நீட்சியைப் பிரவுசரில் நிறுவியிருந்தால், சட்டப்படி இலவசமாகப் படிக்கக்கூடிய பிரதி எங்கேனும் இருக்கும்போது, திரையின் வலப்பக்கத்தில் பச்சை நிறப் பூட்டு ஒன்று தோன்றும். தோன்றாவிட்டால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தலைப்பை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடி, முடிவின் அடியில் பிற பதிப்புகளைக் காட்டும் இணைப்பைச் சொடுக்குங்கள். ஆசிரியர் பணியாற்றும் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் அச்சுக்கு முந்தைய வடிவம் பல நேரங்களில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் வேறொரு நூலகத்திலிருந்து இரவல் பெறலாம், அல்லது கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதும்படி மாணவரிடம் சொல்லலாம். இந்த வரிசையை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு, பணம் கேட்கும் திரை முடிவான பதிலாகத் தோன்றாது.

நூலின் அடிக்குறிப்பில் உள்ள இணைய முகவரி திறக்கவில்லை என்பது அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி. 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ், 2001 முதல் வேபேக் மெஷின் வழியாகப் பழைய பக்கங்களைப் பொதுமக்களுக்குக் காட்டிவருகிறது. முகவரியை அதில் இட்டால் ஒரு நாட்காட்டி விரியும். நீல வட்டமிட்ட நாளில் பக்கம் முறையாகச் சேமிக்கப்பட்டுள்ளது என்றும், பச்சை வட்டம் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டதைக் குறிக்கும் என்றும் பொருள். நூலாசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்த நாளுக்கு மிக நெருக்கமான நாளைத் தேர்ந்தெடுங்கள்; அண்மைய பிரதியில் உள்ளடக்கமே மாறியிருக்கலாம்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகள் தந்த நூற்பட்டியலுடன் வாசகர்கள் வருகிறார்கள். அவற்றில் சில கட்டுரைகள் எழுதப்படவே இல்லாதவை. ஆசிரியர் பெயரும் இதழின் பெயரும் உண்மையாகவே இருப்பதால் ஐயம் எழுவதில்லை. இரவல் கோரிக்கை அனுப்பும் முன், நூலானால் பல நாட்டு நூலகங்களின் கூட்டு நூற்பட்டியலான வேர்ல்ட்கேட்டிலும், கட்டுரையானால் டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடலிலும் சரிபாருங்கள். அங்கும் இல்லையெனில், குறிப்பிட்ட இதழின் அந்தத் தொகுதிக்குரிய பொருளடக்கத்தைத் திறந்து, சொல்லப்பட்ட பக்க எண்களில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். இதை வாசகரின் எதிரிலேயே, அவரைக் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல் செய்து காட்டுங்கள். அடுத்த முறை அவரே சரிபார்த்துக்கொள்வார்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் ஒன்றையும் எல்லோரும் பழகியிருக்க வேண்டும். என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இயக்கி, மவுஸைத் தொடாமல் உங்கள் நூலகத்தின் நூற்பட்டியலில் ஒரு நூலைத் தேடிப் பாருங்கள். எங்கே சிக்குகிறீர்களோ அங்கேதான் பார்வையற்ற வாசகரும் சிக்குகிறார்.

பொதுக் கணினியில் வாசகருக்கு உதவும்போது கருவியறிவோடு கவனமும் வேண்டும். கடவுச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் வாசகரே தட்டச்சு செய்யட்டும். அப்போது நாம் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதே முறை. பிரவுசரின் தனிமறைவு வசதியான இன்காக்னிட்டோ சாளரத்தை மூடினால் தேடல் வரலாறு அழியும், ஆனால் பதிவிறக்கிய கோப்புகள் கணினியிலேயே தங்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே வாசகர் எழுந்து செல்லும் முன் பதிவிறக்கக் கோப்புறையையும் அச்சுப்பொறியின் வரிசையையும் அவரோடு சேர்ந்து காலி செய்யுங்கள்.

கற்றதைச் சோதிக்கும்போது பணியாளர் கணக்கிலிருந்து வெளியேறி, முடிந்தால் கைப்பேசியிலேயே அதைச் செய்யுங்கள். நூலகத்தின் உள் வலையமைப்பில் தடையின்றித் திறக்கும் தரவுத்தளம், வாசகரின் வீட்டிலிருந்து உறுப்பினர் எண்ணைக் கேட்கக்கூடும். விடை கிடைத்த வழியைக் குறிப்பேட்டில் அந்தந்தக் கேள்வியின் கீழ், சரிபார்த்த தேதியோடு எழுதுங்கள். தளங்களின் தோற்றமும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால், ஆறு மாதத்துக்கு மேல் பழையதான குறிப்புகளை வாராந்தரப் பயிற்சியில் மறுபடி செய்து பார்த்துத் திருத்துங்கள். புதிதாகப் பணியில் சேர்பவரிடம் இந்த வேலையை ஒப்படைத்தால், அதுவே அவருடைய முதல் பயிற்சியாகவும் அமையும்.