நாலு கோழிதானே என்று ஆரம்பிப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு கோழி வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. குஞ்சைப் பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறோம், அட்டைப்பெட்டியில் விட்டுவிட்டு, கூடு எங்கே வைப்பது என்று அப்புறம் யோசிக்கிறோம். ஐந்தாறு வாரத்தில் பெட்டி நிரம்பிவிடும், அப்போது அவசரத்தில் அடிக்கிற கூடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். கூட்டை முடித்துவிட்டுக் குஞ்சு வாங்குங்கள். ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 4 சதுர அடி, வெளியே உலாவ 8 முதல் 10 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் சரி. இடம் பற்றாவிட்டால் ஒன்றையொன்று கொத்தும், ஒன்றுக்கு ரத்தம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் அந்தச் சிவப்பையே பார்த்துக் கொத்தும், உடனே தனியாகப் பிரித்து வைக்கவில்லை என்றால் சாகும்வரை விடாது.

அடுத்தது வலை. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையைத்தான் எல்லோரும் வாங்குகிறோம், விலை குறைவு. அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் இழுத்தால் கிழிந்துவிடும், எலிக்கும் பாம்புக்கும் அந்தக் கண்ணே வாசல். ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, வலையின் கீழ் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குப் பள்ளம், உள்ளே நாலில் இரண்டுதான் மிச்சம், அதுவும் மூலையில் ஒடுங்கிப்போய். அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் வலை போடுங்கள், சுற்றிலும் ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள்.

அந்தப் பயத்தில் அடுத்த கூட்டை நாலு பக்கமும் பலகை வைத்து அடைத்தேன் பாருங்கள், அது இதைவிடப் பெரிய தவறு. எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரித்துவிடும். நாம் நின்றபடி மோந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள், கண் எரிந்தால் கோழிக்கும் ராத்திரி முழுக்க அதுதான். கோழி உட்காரும் கம்புக்கு மேலே, கூரையை ஒட்டிக் காற்று போக வழி விடுங்கள்.

கீழே பரப்பிய உமியோ மரத்தூளோ ஈரமாக விடக்கூடாது. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள், உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் மாற்றியாக வேண்டும். குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் ரத்தக்கழிச்சல் இந்த ஈரத்தில்தான் பெருகுகிறது. எச்சத்தோடு வெளியே வரும் கிருமி, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அடுத்த குஞ்சுக்குத் தொற்றத் தயாராகிவிடும். ஈரத்துக்குப் பாதிக் காரணம் தண்ணீர்த் தட்டைத் தரையில் வைப்பது. கோழியின் முதுகு உயரத்துக்கு அதைத் தூக்கி வைத்தால் சிந்துவதும் குறையும், காலால் சீய்த்துக் குப்பை விழுவதும் குறையும்.

குஞ்சுக்குச் சூடு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம் என்பார்கள். வெப்பமானியை விடக் குஞ்சையே பாருங்கள் என்பேன் நான். பல்புக்கு அடியில் குவிந்து கீச்சிட்டால் குளிர், ஓரமாக ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, அங்கங்கே பரவி மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

தீவனத்தில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. பெரிய கோழிக்கு வாங்கியதுதானே என்று முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கும் போடுவார்கள். அதில் சுண்ணாம்புச் சத்து 4 சதவீதம் வரை இருக்கும், குஞ்சுக்கு 1 சதவீதமே போதும். மிஞ்சியது சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டையிடும் கோழிக்கு வெறும் தானியத்தை மட்டும் போடுவது இதற்கு நேர் எதிரான தவறு, ஓடு தோல் மாதிரி மெலிந்துபோகும். ஓடு உருவாக மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, பெரும்பகுதி ராத்திரியில் நடக்கிறது, அதனால் பொடித்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். அடைத்து வளர்க்கும் கோழிக்கு, தானியம் போட்டால், பொடிக்கல்லும் வேண்டும். பல் கிடையாதே, அரைவைப்பையில் அந்தக் கல்தான் அரைக்கிறது.

புதிதாக ஒரு கோழி வாங்கினால் நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள், ஒரு மாதம் தள்ளி வையுங்கள். கோழி நோயை மறைக்கும். பலவீனம் தெரிந்தால் மற்றவை கொத்தும் என்பதால் கடைசிவரை நிமிர்ந்தே திரியும், நமக்குத் தெரியும்போது பாதி முடிந்திருக்கும். வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்க்கு மருந்தே கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். குஞ்சு வாங்கும்போதே எதெது போட்டாயிற்று என்று கேட்டுக்கொண்டு மிச்சத்துக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

பகலில் மட்டும் கூட்டைப் பார்ப்பதும் ஒரு தவறுதான். ரத்தம் உறிஞ்சும் சிவப்பு உண்ணி பகலெல்லாம் கம்பு இடுக்கில் ஒளிந்திருந்துவிட்டு இருட்டிய பிறகு கோழிமேல் ஏறும். ராத்திரி டார்ச்சோடு போய், கோழி உட்கார்ந்திருக்கும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் கொண்டை ஏன் வெளுத்துப்போகிறது என்பதற்குப் பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக, முட்டை திடீரென்று நின்றதும் கோழிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவது. பெரும்பாலும் இறகு உதிர்க்கும் காலமாக இருக்கும். ஒன்றரை வயது வாக்கில் முதல் தடவை நன்றாக உதிர்க்கும், இரண்டு மூன்று மாதம் முட்டை இருக்காது, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். இறகு முழுக்கப் புரதம் என்பதால் தீவனத்தில் புரதத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். முளைக்கிற புது இறகு முள் மாதிரி நிற்கும், உள்ளே ரத்தம் ஓடும், தொட்டால் அதற்கு வலிக்கும், அந்த வாரங்களில் தூக்கிக் கொஞ்சாமல் விட்டுவிடுங்கள்.