நடக்காத பட்டப் போட்டியின் வரலாற்றை எழுதுவது எப்படி?

குத்துச்சண்டையில் ஒரு ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) பட்டப் போட்டி ஏன் நடக்கவில்லை என்று எழுத முற்படுபவர், யார் பயந்தார் என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்கு இரு தரப்பு ரசிகர்களிடமும் விடை உண்டு. ஆதாரம் இருப்பது அரிது.

பேச்சு எதுவரை வந்து நின்றது என்பதிலிருந்து தொடங்குங்கள். அப்போதைய சாம்பியன் ஜாக் டெம்ப்சி, சவால்காரர் ஹாரி வில்ஸ் இருவரும் 1925இல் கையெழுத்தே இட்டுவிட்டார்கள். பேசிய பணம் டெம்ப்சிக்கு வந்து சேராததால் ஒப்பந்தம் முறிந்தது. ஆனால் கறுப்பரான வில்ஸைப் பல ஆண்டுகள் பட்டத்தின் அருகில் விடாமல் வைத்திருந்த நிறபேதத்தைச் சொல்லாமல், பணத்தை மட்டும் காரணமாக எழுதுவது பாதி உண்மைதான். ரிடிக் போ–லெனாக்ஸ் லூயிஸ் போட்டியோ 1992இல் பேச்சுவார்த்தையைத் தாண்டவில்லை. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

அடுத்து, தேதிகளை வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் கனடாவுக்காக ஆடிய லூயிஸ், போவை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்தினார். 1992 அக்டோபர் 31 அன்று லண்டனில் ரேசர் ரட்டக்கை இரண்டு சுற்றுகளில் முடித்து, டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) பட்டத்துக்கான முதல் சவால்காரரானார். இரண்டே வாரங்களில், நவம்பர் 13 அன்று, போ லாஸ் வேகாஸில் அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டை வென்று, டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப். ஆகிய மூன்று அமைப்புகளின் பட்ட பெல்ட்டுகளையும் கைப்பற்றினார். டிசம்பரில் லண்டன் செய்தியாளர் கூட்டத்தில் டபிள்யூ.பி.சி. பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். சவால்காரரைச் சந்திக்காவிட்டால் அந்த அமைப்பின் பட்டத்தை இழக்க நேரிடும் என்ற விதியைச் சேர்த்துப் படித்தால்தான், அந்த வேடிக்கைக் காட்சிக்குள் இருந்த கணக்கு புலப்படும்: ஒரு பெல்ட் போனாலும், டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப். பெல்ட்டுகள் அவரிடமே இருந்தன. லூயிஸ் மோதாமலேயே சாம்பியனாக அறிவிக்கப்பட்டார்.

வருமானப் பங்கீடு பற்றி இரு முகாம்களும் சொல்லும் தொகைகளை, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறிப்பிட்டே எழுதுங்கள். பேரம் முறிந்தபின் வெளிவரும் தொகை தன் தரப்பைக் காப்பதற்காகச் சொல்லப்படுவது.

வரலாற்றை எந்த ஆண்டோடு முடிப்பது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். 1993 நவம்பரில் போ ஹோலிஃபீல்டிடமும், 1994 செப்டம்பரில் லூயிஸ் ஆலிவர் மெக்காலிடமும் தோற்றார்கள். அதன்பின் எழுந்த பேச்சுகளைத் தனிப் பத்தியில் வையுங்கள். 1992இல் கைநழுவியது இரு சாம்பியன்களின் தகராறு அல்ல, சாம்பியனுக்கும் சவால்காரருக்கும் இடையிலான போட்டி.