செங்கால் நாரையை அடையாளம் காண்பது எப்படி?

மூலைக்கரைப்பட்டியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். மார்கழி, தையில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பார்த்துத் திரும்புகிறவர்கள் காற்றடிக்க நிற்கும்போது, "அண்ணாச்சி, செங்கால் நாரை பார்த்தோம்" என்று போட்டோவைக் காட்டுவார்கள். அநேகமாக அது மஞ்சள் மூக்கு நாரையாக இருக்கும். அது இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. செங்கால் நாரையோ ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு வைத்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருவது. நம் பக்கம் அபூர்வமாகத்தான் வரும். அதனால்தான் நிதானமாகப் பார்க்கச் சொல்கிறேன்.

கால் நிறத்தை நம்பாதீர்கள். வெயிலில் உடம்பைக் குளிர்விக்க நாரைகள் தம் காலிலேயே எச்சமிடும்; சிவப்புக் காலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். அலகைப் பாருங்கள். செங்கால் நாரைக்கு நேரான சிவப்பு அலகு, நெஞ்சு முழுக்க வெள்ளை. மஞ்சள் மூக்கு நாரைக்கு முகத்தில் தோல் ஆரஞ்சாகத் தெரியும், நெஞ்சில் கறுப்புப் பட்டை இருக்கும், வால் பக்கம் ரோஸ் நிறம் தொங்கும்.

பறக்கும்போதுதான் எல்லாரும் குழம்புகிறார்கள். கழுத்தை மடக்கிப் பறந்தால் கொக்கு, விட்டுவிடுங்கள். நீட்டிப் பறந்தால் வாலைப் பாருங்கள். நத்தைகுத்தி நாரைக்கும் மஞ்சள் மூக்கு நாரைக்கும் வால் கறுப்பு, செங்கால் நாரைக்கு வெள்ளை. நான் கடைசியாக நம்புவது இந்த ஒரு அடையாளத்தைத்தான்.

தேடும் இடமும் வேறு. மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீரைத் துழாவும். செங்கால் நாரையை உழுத மானாவாரிக் காட்டிலும், குளம் வற்றிய புல்தரையிலும் தேடுங்கள். வெட்டுக்கிளி, தவளை, எலி பிடித்தபடி மெல்ல நடக்கும். விடிகாலையிலேயே வானத்தைப் பார்த்து நிற்க வேண்டாம். வெயில் ஏறி அனல் காற்று மேலெழும்பிய பிறகுதான் வட்டமடிக்கும். அந்தக் காற்று கடல்மேல் எழும்பாததால், ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகும் நாரைகள் மத்தியதரைக் கடலைத் தவிர்த்து ஸ்பெயின் பக்கம் ஜிப்ரால்டர் நீரிணை வழியாகவோ துருக்கியின் பாஸ்போரஸ் நீரிணை வழியாகவோ சுற்றிப் போகின்றன. 1822இல் ஜெர்மனியில் கிளூட்ஸ் ஊர்ப் பக்கம் கிடைத்த ஒரு நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு குத்தியிருந்தது! அந்தப் பயணத்துக்கு அதுவே சாட்சியானது.

சரி, பார்த்துவிட்டால் கிட்டே போகாதீர்கள். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையம் இருந்தால் எண் தெரியும்படி போட்டோ எடுத்து, இடமும் தேதியும் குறித்து, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.