கம்ப்யூட்டர் சம்பந்தமான ஒரு தவறை மேனேஜருக்கு எழுதும்போது

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். சீசன் நேரம். காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளியிலிருந்து பெங்களூரா மாங்காய் ஏற்றி வந்த வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. எடை போட்டதும் விவசாயியின் ஆதாரையும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போடுகிறார்கள். பணம் சீக்கிரம் ஏறட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் குழுவில் டிரைவர்கள், சீசன் ஆட்கள், போன வருஷமே வேலையை விட்டவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர் இதைக் கவனித்து, மேனேஜருக்கு ஒரு குறிப்பு எழுத உட்காருகிறார்.

எழுத நினைத்ததே பெரிய விஷயம். அது வீணாகப் போகக்கூடாது. இப்படிப்பட்ட குறிப்புகள் ஃபைலில் தூங்கிவிடுவதற்குப் பெரும்பாலும் எழுதிய விதம்தான் காரணம்.

முதலில் வரும் தவறு, நடப்பதைச் சொல்லாமல் ஆட்களின் குணத்தைச் சொல்வது. “விவசாயிகளின் நம்பிக்கைக்குத் துரோகம் செய்கிறோம், எடை மேடையில் பொறுப்பே இல்லை” என்று எழுதினால், எடை மேடையில் நிற்பவர் அன்றைக்கே குற்றவாளி ஆகிவிடுகிறார். அப்புறம் பேச்செல்லாம் அவர் நல்லவரா கெட்டவரா என்றுதான் போகும். அதையே இப்படி எழுதலாம்: “எடை மேடையில் வாங்கும் ஆதார் நகலும் பாஸ்புக் பக்கமும் லோடு வாட்ஸாப் குழுவில் படமாகப் போடப்படுகின்றன. குழுவில் 43 பேர். அவர்களில் 11 பேர் வாடகை வண்டி டிரைவர்கள், 4 பேர் இப்போது நம்மிடம் வேலையில் இல்லை. பணம் அனுப்பக் கணக்குப் பிரிவுக்குத் தேவைப்படுவது பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எண் மட்டுமே.” எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் குழுவை நீங்களே எண்ணிப் பாருங்கள். இதில் யாரையும் திட்டவில்லை. ஆனாலும் படிப்பவருக்கு உறுத்தும்.

அடுத்தது, நல்லவர்களே செய்கிற தவறு. ஆதாரம் காட்ட வேண்டும் என்று அந்தக் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே இணைத்துவிடுவார்கள். யாருடைய ஆதார் எண் வெளியே போகிறது என்று கவலைப்பட்டு எழுதினீர்களோ, அவருடைய எண் இப்போது உங்கள் குறிப்போடு இன்னும் நாலு பேருக்குப் போகிறது. அங்கிருந்து பிரிண்ட் எடுத்து ஃபைலில் குத்துவார்கள், யாராவது தலைமை அலுவலகத்துக்கு ஃபார்வர்ட் செய்வார்கள். படம் கட்டாயம் தேவை என்றால் பெயர், எண், முகம், கியூஆர் கோடு எல்லாவற்றையும் அழுத்தமாக மறைத்துவிட்டு ஒன்றே ஒன்றை இணையுங்கள். பெரும்பாலும் அதுவும் வேண்டாம். “நேரில் காட்டத் தயார்” என்று ஒரு வரி போதும். உங்கள் சொந்த மெயிலுக்கு அந்தப் படங்களை அனுப்பி வைத்துக்கொள்வதும் இதே தவறுதான். நாளைக்குப் பிரச்சினை வந்தால் முதல் கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வரும்.

சட்டத்தைத் தூக்கிப் போட்டு மிரட்டுவது இன்னொன்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருப்பதும் உண்மை. ஆனால் அது உச்ச வரம்பு. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, அவையும் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன. “நமக்கு 250 கோடி அபராதம் விழும்” என்று எழுதினால் மேனேஜர் அதை வக்கீலிடம் தள்ளிவிடுவார், சீசனும் முடிந்துபோகும். சொன்ன வேலைக்குத் தேவையான தகவலை மட்டுமே வாங்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. அதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

வெளிநாட்டு ஆராய்ச்சியை நம் ஊர் ஆதாரமாகக் காட்டுவதும் நிறைய நடக்கிறது. ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மெஷின் சில பெண்களின் முகத்தை எடுப்பதில்லை, அரை நாள் சம்பளம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதுகிறவர் 2018இல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் போடுவார். கருமை நிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை பிழை என்று காட்டிய முக்கியமான ஆய்வு அது. ஆனால் படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைத்தான் அதில் சோதித்தார்கள். உங்கள் கேட்டில் இருக்கும் மெஷினைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதை விற்ற கம்பெனிக்காரர் ஒரே நிமிஷத்தில் உங்கள் குறிப்பைக் கவிழ்த்துவிடுவார். செக்யூரிட்டியின் நோட்டில் கையால் எழுதிய வருகையையும் மெஷின் ரிப்போர்ட்டையும் ஒரு வாரம் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எத்தனை பேரின் வருகை விட்டுப்போனது, எந்த ஷிஃப்டில், எவ்வளவு சம்பளம் பிடித்தார்கள் என்ற கணக்கை யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, குறையை மட்டும் எழுதிவிட்டு என்ன வேண்டும் என்று கேட்காமல் முடிப்பது. “தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்பது கேட்டதாகவே ஆகாது. 1985 ஜூலை 31 அன்று ராஜர் பாய்ஷோலி என்ற பொறியாளர், விண்வெளி ஓடத்தின் ராக்கெட் இணைப்பில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களைப் பற்றித் தன் நிறுவன மேலதிகாரிக்கு ஒரு மெமோ எழுதினார். உயிர்ச்சேதம் நேரும் என்று பூசி மெழுகாமல் சொன்னார், இதற்கென்றே தனிக் குழு வேண்டும் என்று கேட்டார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் என்ற விண்வெளி ஓடம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். அவர் சொன்னபடி நடந்திருந்தால் என்ற வேதனை இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் எழுதியதைப் புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை.

நம் கணக்குப் பிரிவுக்காரர் என்ன கேட்கலாம்? அவசரம் எங்கே இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்: ராத்திரி பத்து மணிக்கு எடை போட்ட விவசாயிக்கு மறுநாளே பணம் ஏறவேண்டும், வாட்ஸாப்பைவிட வேகமான வழி இப்போதைக்கு இல்லை. இதை விட்டுவிட்டு எழுதினால் “களத்துக்கு வந்து பார்” என்பார்கள், நியாயமாகவும் இருக்கும். பிறகு: “வரும் திங்கள் முதல் படங்கள் குழுவுக்குப் பதிலாகக் கணக்குப் பிரிவின் ஒரே எண்ணுக்கு மட்டும் வரட்டும். ஆதார் வேண்டியதில்லை, அடையாளத்துக்குத் தேவை என்றால் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கலாம். பழைய படங்களை இந்த வாரத்துக்குள் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் செல்போனிலிருந்து அழிக்கும்படி சொல்ல உங்கள் ஒப்புதல் வேண்டும்.” சரி என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற மாதிரி கேளுங்கள்.

அனுப்பும்போது பத்துப் பேரை சிசியில் போடாதீர்கள். முடிவெடுக்கிறவர் யாரோ அவருக்கு மட்டும். எழுதுவதற்கு முன் “சார், இப்படி ஒண்ணு கவனிச்சேன், எழுதித் தரட்டுமா?” என்று நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி முறைப்பு குறையும். தேதி போட்டு, யாருடைய சொந்தத் தகவலும் இல்லாத நகல் ஒன்றை ஆபீஸ் ஃபைலிலேயே வையுங்கள். ஒரு வாரம் பதில் வராவிட்டால், அதே தேதியைக் குறிப்பிட்டு இரண்டே வரியில் மறுபடி கேளுங்கள்.