பேசிக் மொழியில் ஒரு மீன் கணக்கு

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்பதற்காக ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய கணினி மொழியே பேசிக். அதன் அருமையை அறிய மூன்று வரி போதும். பிசி-பேசிக் என்னும் இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொண்டு, கடலூர் முதுநகரில் கிலோ 300 ரூபாய்க்கு மீன் விற்பவருக்காக ஒரு நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதுவோம்.

ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்: 10 இன்புட் கே; 20 பிரிண்ட் கே*300; 30 கோடூ 10. முதல் வரி எடையைக் கேட்டு வாங்கிக் கே என்ற பெயரில் வைக்கும்; இரண்டாம் வரி அதை 300ஆல் பெருக்கிக் காட்டும்; மூன்றாம் வரி மறுபடியும் 10ஆம் வரிக்கே அனுப்பும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டர் அழுத்தி, பின்னர் நிரலை ஓட்டும் கட்டளையான ரன் என்று தட்டி என்டர் அழுத்தினால் கேள்விக்குறி தோன்றும். 1.5 என்று கொடுத்தால் 450 என்று விடை வரும். எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்தால், கோபிக்காமல் மறுபடியும் கேட்கும்.

ஆனால் இந்த நிரல் தானாக நிற்காது. கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திவிட்டு, 15 இஃப் கே=0 தென் எண்ட் (கே பூஜ்யமானால் நிறுத்து) என்று கடைசியில் தட்டினாலும், வரிகளைக் காட்டும் லிஸ்ட் கட்டளை கொடுத்துப் பார்க்கும்போது அவ்வரி 10க்கும் 20க்கும் நடுவே சென்று அமர்ந்திருக்கும். வரிகளுக்குப் பத்துப் பத்தாக எண்ணிடும் வழக்கம் இதற்காகத்தான்.

கோடூவை அளவின்றிப் பயன்படுத்தினால் நிரல் நூற்கண்டுபோல் சிக்கலாகிவிடும் என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் நியாயம் உண்டு. ஆகவே அடுத்த பயிற்சியில் ஒரே வேலையைக் குறிப்பிட்ட தடவை திரும்பச் செய்யும் ஃபார்-நெக்ஸ்ட் சுழற்சியைக் கொண்டு, 1 முதல் 10 கிலோ வரையிலான விலைப் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள்.