பெல்ட்டைக் கழற்றினால் பாதி தெரிந்துவிடும்
கார் எஞ்சினின் முன்பக்க பெல்ட் பகுதியிலிருந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஊளைச் சத்தம். தள்ளி நின்று, ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில் தண்ணீர் தெளித்தேன், மாற்றமில்லை. அப்படியானால் பெல்ட் வழுக்கல் அல்ல. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, 30 விநாடி மட்டும் ஓட்டினேன் (வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான், அது நின்றால் எஞ்சின் சூடேறும்). சத்தம் போயிற்று, ஆக பெல்ட் சுற்றும் ஏதோ ஒன்றில்தான் கோளாறு. புல்லிகளைக் கையால் சுற்றியதில் ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுழலும் புல்லி) மட்டும் மணல் அரைப்பதுபோல் கரகரத்தது. பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருந்தது. எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் இரண்டு நாள் அடங்கும், மிச்சக் கிரீஸும் கரைந்துவிடும், வீண் வேலை. மாற்ற வேண்டிய பேரிங் 6203-2ஆர்எஸ் (2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி): உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. புதியதைப் புல்லிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடுபாதையில் குழி பதிக்கும். அதே ஊளை சீக்கிரமே திரும்பி வரும்.