முதல் பைத்தான் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணினிக்குக் கட்டளைகள் எழுதும் மொழியான பைத்தானில் நிரலாக்கம் கற்கத் தொடங்குபவர் கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் புரட்ட வேண்டியது, பதிப்பாண்டு அச்சிடப்பட்டிருக்கும் பக்கத்தைத்தான். காரைக்குடியில் பழைய புத்தகக் கடையொன்றில் 80 ரூபாய்க்கு நான் வாங்கி வந்த பைத்தான் புத்தகத்தின் முதல் நிரலே என் கணினியில் ஓடவில்லை. நான்தான் தவறாகத் தட்டச்சு செய்கிறேன் என்று எண்ணி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கிய பிறகே, அது அந்த மொழியின் பழைய வடிவமான பைத்தான் 2-க்காக எழுதப்பட்டது என்பது புரிந்தது. பைத்தான் 3 வெளிவந்தது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. ஆண்டு தெரியாத பிரதியாக இருந்தால், நிரல்களில் ‘பிரிண்ட்’ (print) என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பழைய புத்தகம். 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பைத்தான் 2 தரும் விடை 3. பைத்தான் 3 தருவது 3.5. பர்மா, மலாயா வரை கடை போட்டு வட்டிக் கணக்கு எழுதிய செட்டிநாட்டில் அந்த அரையை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவதாக, சுழற்சி, அதாவது ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது, பற்றிய அத்தியாயத்தைத் திறந்து, நின்றபடியே இரண்டு பக்கம் படியுங்கள். புத்தகத்தின் தரம் தெரிவது இங்கேதான். 1000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 சதவீதக் கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால், மாறியின் (தொகையைத் தாங்கி நிற்கும் பெயரின்) மதிப்பு முதல் சுற்றில் 1100, இரண்டாம் சுற்றில் 1210, மூன்றாம் சுற்றில் 1331 என வளர்வதை நல்ல ஆசிரியர் வரிவரியாகக் காட்டுவார்; மோசமான புத்தகம் நிரலையும் இறுதி விடையையும் மட்டும் அச்சிட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். அதே பக்கத்தில், சுழற்சிக்குள் அடங்கும் வரிகள் வலப்புறம் தள்ளி அச்சாகியிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். பைத்தானில் அந்த இடைவெளி அழகுக்கானது அன்று, இலக்கணமே அதுதான். அச்சில் அது கலைந்திருந்தால், பார்த்துத் தட்டச்சு செய்பவருக்குப் பிழைச் செய்தியே மிஞ்சும்.

மூன்றாவது, பயிற்சிகள். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அவை இருக்க வேண்டும். தனியாகக் கற்பவருக்கு விடைகளும் வேண்டும்.

தமிழ்ப் புத்தகமா, ஆங்கிலப் புத்தகமா என்பதைக் கடைசியாக முடிவு செய்தால் போதும். தமிழ்வழியில் படித்தவர் தமிழ்ப் புத்தகத்தைத் தயங்காமல் வாங்கலாம்; ஆனால், கணினி காட்டும் பிழைச் செய்திகள் ஆங்கிலத்திலேயே வரும் என்பதால், அவற்றை உள்ளது உள்ளபடி அச்சிட்டு, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று தமிழில் விளக்கும் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.